கொக்குக்கு அஞ்சுக்கு அஞ்சு

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில், ஆறு பெண்கள் பரீட்சை எழுதினார்கள். பரீட்சை வைத்தவள் நான். ஆறு பேருக்கும் முழுப் புள்ளி. பெயிலானது நான் மட்டும்தான்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. எங்கள் சனத்தை மொத்தமாகப் பிடிக்க வேண்டுமென்றால் அன்றைக்குத்தான் பிடிக்க வேண்டும். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பொறியியல் கடைசி வருடம். படுக்கையில் கிடக்கும் வயதானவர்களைத் தூக்கிக் கதிரையில் இருத்த எங்கள் ஆய்வுகூடம் ஒரு இயந்திரம் செய்திருந்தது. சில்லு வைத்த நாலு கால், வெள்ளை நிறத்தில் நீண்ட கழுத்து, கழுத்தின் நுனியில் கொக்கி, கொக்கியில் நாலு பட்டி, பட்டியில் துணித் தொட்டில். அதைப் பார்த்த அன்றே மண்டபத்துப் பெண்கள் 'கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆய்வுகூடம் வைத்த பெயர் பதினாறு எழுத்து. அது எனக்கே வாயில் வராது.

ஐந்து வீடுகளுக்கு இரண்டு மாதப் பரிசோதனைக்கு ஐந்து கொக்கு கொடுத்திருந்தோம். வீடுகளைப் பிடித்துக் கொடுத்தவள் நான்தான், ஏனென்றால் ஐந்திலும் எங்கள் ஆட்கள்தான் வேலை. ஒன்று என் அம்மா வேலை செய்யும் வீடு. அங்கே மட்டும் இரண்டு பேர்: நாள் முழுக்க அம்மா, காலையும் மாலையும் நாலு நாலு மணித்தியாலம் உதவிக்கு வருகிற ஒரு அன்ரி. மன்னாரிலிருந்து வந்தவர். மண்டபத்தில் அவர் தும்மினால் பீடத்து மெழுகுதிரி அணையும். மண்டபத்தில் எல்லோரும் எனக்கு அன்ரிகள் என்பதால் இவரை மன்னார் அன்ரி என்றே எழுதுகிறேன்.

கேள்வித்தாளைத் தமிழில் மொழிபெயர்த்தது நான். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு இலக்கத்தை வட்டமிட வேண்டும். தாளைக் கொடுத்ததும் ஆறு பேரும் கதிரையைத் தள்ளித் தள்ளிப் போட்டு நிமிர்ந்து இருந்தார்கள்.

"பிள்ளை, இதிலை எது சரியான விடை?" என்று கேட்டார் மன்னார் அன்ரி.

"அன்ரி, சரி பிழை எண்டு ஒண்டும் இல்லை. மனசிலை பட்டதைப் போடுங்கோ."

"மனசிலை பட்டதைப் போட்டு ஆர் பெர்மெசோ விசா எடுத்தது? சும்மா பகிடி விடாமல் சொல்லு. அஞ்சு நல்லதோ, ஒண்டு நல்லதோ?"

"அஞ்சு நல்லது. ஒண்டு கூடாது."

"அப்ப அஞ்சு."

ஆறு பேனையும் ஒரே நேரத்தில் ஓடின. ஒருவர் தவறுதலாக நாலை வட்டமிட்டுவிட்டு, "குவெஸ்தூராப் பொலிசிலை இப்பிடி வெட்டிக் குடுத்தா திருப்பி அனுப்புவினம், புதுத்தாள் தாங்கோ" என்று வாங்கிப் போனார். இன்னொருவர் அடையாள அட்டையின் கொப்பி இரண்டு கொண்டுவந்திருந்தார். நான் கேட்கவேயில்லை. ஒரு பேப்பர் நிரப்புவதென்றால் கொப்பி கொண்டுபோக வேண்டும் என்பது இந்த ஊரில் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விசயம். அம்மா கடைசியாகக் கொடுத்தார். பத்தும் ஐந்து. அழகான வட்டங்கள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்த அமர்வில் பட்டம் எடுக்க வேண்டும், ஆய்வேடு இந்தக் கொக்கில்தான், எனக்கு வேண்டியதும் ஐந்துகள்தான். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பற்றிஸும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நான் ஒரு கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

ஆய்வுகூடம் சந்தோசப்பட்டது. பேராசிரியை அறிக்கை எழுதினார். கொக்கை உருக்கி ஒட்டிச் செய்துதரும், நகரின் சீசாப் பகுதியில் உள்ள சீசாக் கம்பனி, மூன்றே பேர் உள்ள சின்னக் கம்பனி, ஒரே வாரத்தில் வண்ண விளம்பரத்தாள் அடித்தது. ஐந்து வீட்டுக்காரருக்கும் முடிவுகளின் பிரதி ஒன்று போனது.

அந்தப் பிரதி போன நாலாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார்.

"அவவை நிப்பாட்டிப்போட்டார்."

"ஆரை?"

"உன்ரை மன்னார் அன்ரியை. திங்களிலையிருந்து வரவேண்டாமாம். கொக்கு வந்திட்டுதுதானே, ஓராள் காணுமாம்."

"நிப்பாட்டினது ஆர், டொட்டோரேயோ?"

"வேறை ஆர்?"

டொட்டோரே என்பது அம்மா பார்க்கும் கிழவியின், சின்யோராவின், மகன். ஆள் வழக்கறிஞர், இங்கே படித்த யாரையும் டொட்டோரே என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் இனிப்புப் பெட்டியோடு வந்து, தாயின் நெற்றியில் கொஞ்சிவிட்டு, அரை மணித்தியாலத்தில் போய்விடுவார்.

"ஓராள் காணுமோ அம்மா?"

"காணுமெண்டு நாங்கள்தானேயடி எழுதிக் குடுத்தனாங்கள்."

ஒன்பதாம் கேள்வி: 'இக்கருவியின் உதவியுடன் ஒருவரே தனியாக வேலையைச் செய்ய முடிகிறதா?' அந்த வசனத்தைத் தமிழில் எழுதியது நான். அதற்கு மன்னார் அன்ரி தன் கையாலேயே ஐந்து போட்டிருந்தார். தன் வேலைக்குத் தானே ஐந்து போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு கிழமை போனது. அம்மா காலையில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிய முடியாமல், காலைக் கதிரையில் வைத்துக் கட்டத் தொடங்கினார். பிறகு அதுவும் முடியாமல் செருப்போடு போனார். மழைக்காலம், குளிர். "நான் கட்டி விடுறன்" என்றேன். "உன்ரை படிப்பைப் பார்" என்றார். இப்படியே போனால் தை மாதம்கூடத் தாண்டாது என்று எனக்கு விளங்கியது. அம்மா வேலையை விட்டு நின்றால் சின்யோராவை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார்கள், அம்மா இடுப்பு நாரி உடைந்த ஆளாக வேறு வீடு தேட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, மூன்றாம் மாடி. சின்யோராவின் அறைக் கதவுக்குப் பின்னால் கொக்கு நின்றது. கழுத்தில் மூன்று துவாய் காயப் போட்டிருந்தது. கொக்கியில் சின்யோராவின் ஜெபமாலை.

"அம்மா! இதுக்கோ பத்து அஞ்சு போட்டனீங்கள்?"

"மெல்லக் கதை. மனுசி நித்திரை."

"ஒரு நாளாவது பாவிச்சனீங்களோ?"

"முதல் நாள் பாவிச்சனாங்கள். கட்டில் பதிவு, உயரமில்லை, உதின்ரை கால் கீழை போகாது. நாலு பட்டியும் கொழுவி முடிக்கச் சின்யோராவுக்கு மூத்திரம் வந்திட்டுது. பிறகு மேலை தூக்க மனுசி உந்த ஊர்ப் புனிதை சந்தா ரொசாலியாவைக் கூப்பிட்டுக் கத்தினதிலை கீழ் வீட்டுக்காரன் ஏறி வந்திட்டான்."

"அப்ப அதை எழுதியிருக்கலாம்தானே!"

அம்மா என்னை ஏதோ வளர்ப்புச் சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உன்னைப் படிப்பிக்கிற மனுசி, கஷ்டப்பட்டு ஒரு சாமான் செய்து, காசு வாங்காமல் வீட்டுக்குத் தந்திருக்கிறா. அதைக் கூடாதெண்டு கையெழுத்து வைச்சுக் குடுக்கிறதே? உனக்குப் புள்ளியைக் குறைச்சா?"

அவர் போட்டது கொக்குக்கான புள்ளியே இல்லை, எனக்கான புள்ளி.

சின்யோரா விழித்தார். தலையணையிலிருந்து கீழே வழுகிப்போய்க் கிடந்தார். "பார்" என்றார் அம்மா. கட்டிலில் சின்யோராவின் முதுகுக்குக் கீழே ஒரு கருப்புத் துணிக் குழாய் இருந்தது. குடைத்துணி. வியா மக்வேதாவில் மழை வந்தால் குடை விற்கும் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார். காற்றில் முறிந்த குடைகளின் துணியை அவர் மண்டபத்துக்குக் கொண்டுவருவார். அதை இரட்டையாக மடித்துக் குழாய்போலத் தைத்தால், உள்ளே துணியோடு துணி வழுகும். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் பிடித்து மெல்ல இழுத்தால் ஆள் தூக்காமலே மேலே போய்விடும்.

அம்மா தனியாக ஒரு பக்கம் இழுத்தார். சின்யோரா கோணலாகப் போனார். அம்மா கட்டிலைச் சுற்றி ஓடி மற்றப் பக்கம் இழுத்தார். திரும்பவும் சுற்றி வந்தார். மூன்றாம் தரம் இழுக்கும்போது நாரியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"இது ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"இருபது இருக்கும். மனுசி வழுகிக்கொண்டேயிருக்கும்."

"கதிரையிலை இருத்திறது?"

"அது ரெண்டே ரெண்டு தரம்தானே. அதிலை என்ன கஷ்டம்?"

நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். நாங்கள் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தது அந்த இரண்டு தரத்துக்காக. நாரியை உடைப்பது அந்த இருபது.

அன்று பஸ்ஸில் வரும்போது மண்டைக்குள் ஒரே சண்டை. என்னோடு படித்த ஒருத்தி மிலானில் ஒரு பெரிய மருத்துவக் கருவிக் கம்பனியில் இருக்கிறாள். ஒரு திருகாணியின் நீளத்தை மாற்ற அங்கே பத்துப் பேர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று எனக்குப் போன் எடுத்து அழுவாள். ஆனால் அதே கம்பனி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, ஆஸ்பத்திரி வார்ட்டில் கதிரை போட்டு இருத்தியிருக்கிறதாம். கேள்வி கேட்கக் கூடாது. கட்டிலுக்குக் கிட்டப் போகும்போது தாதி எந்தக் காலை முன்னுக்கு வைக்கிறாள் என்று பார்த்து எழுதினால் போதும். அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது விளங்கியது.

எங்கள் ஆய்வுகூடத்தில் பொறுமைக்குக் குறைவில்லை. ஒரு பட்டி அறுவதற்கு எத்தனை தரம் இழுக்க வேண்டும் என்று மூன்று மாதம் இழுத்துப் பார்ப்போம். ஆனால் எங்கள் கட்டில் உயரம், அதில் படுத்திருப்பது மணல் மூட்டை. மணல் மூட்டை சந்தா ரொசாலியாவைக் கூப்பிடாது. சீசாக் கம்பனி வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்: காலையில் சொன்ன திருத்தம் பின்னேரம் கையில். அவர்களின் காதில் விழுவது வாங்குகிறவரின் குரல்தான், தூக்குகிறவள் எந்தக் காலத்தில் வாங்கினாள்? மண்டபத்தில் நடப்பதோ வேறு கதை. ஒருத்தி தைத்ததை அடுத்த வியாழன் இன்னொருத்தி பிரித்து நீளமாக்குவாள், அதற்கடுத்த வியாழன் அது நாலு வீட்டில் ஓடும். நான் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு கெதியாக ஒரு சாமான் திருந்தியதாக இல்லை. ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் வெளியே சொல்வதுமில்லை. அதனால் மண்டபத்துக் கதவைத் தாண்டி அது போகவேயில்லை. மூன்று இடத்தையும் தெரிந்த ஒரே ஆள் நான். நான் செய்தது ஐந்தைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது.

திங்கள் காலை பேராசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். துவாயையும் விடவில்லை. அவர் அலுமாரியைத் திறந்து ஆறு தாளையும் எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"அறுபது விடை, அறுபதும் ஐந்து" என்றார். "இப்படி ஒரு முடிவை ஒரு மாணவி கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். என் இயந்திரம் என்றதும் நம்பிவிட்டேன்."

"கொண்டுவந்தது மாணவிதானே" என்றேன், வாய் சும்மா கிடக்காமல்.

"ஆம். நீயும் ஒரு கழுதை." இத்தாலியனில் அது கொஞ்சம் இனிமையாகவே இருக்கும். பிறகு கேட்டார்: "அவர்கள் எழுத மாட்டார்கள். காட்டுவார்களா?"

அந்த வியாழன் பேராசிரியை மண்டபத்துக்கு வந்தார். கூடவே கொக்கும் சீசாக் கம்பனிக்காரரும். இரண்டு மேசையைச் சேர்த்து, பாய் விரித்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பேராசிரியை அதில் ஏறி மல்லாக்கப் படுத்தார். மண்டபம் திகைத்துப்போனது.

"ஐயோ, உந்த மனுசிக்கு என்ன வருத்தம்?" என்றார் ஒருவர்.

"வருத்தம் ஒண்டும் இல்லை. தன்னைச் சின்யோரா எண்டு நினைச்சு, நீங்கள் செய்யிற மாதிரிச் செய்யட்டாம்" என்றேன்.

"படிச்ச மனுசியைப் போட்டு உருட்டிறதே? பாவம் கிடைக்கும்" என்று மன்னார் அன்ரி சிலுவை போட்டார். போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்தார். "தள்ளுங்கோ. எடியே, காலைப் பிடி. அங்கை இல்லை, முழங்காலடியிலை."

முதலில் கொக்கு. பட்டி கொழுவவே ஒரு பாட்டு முடியும் நேரம். தூக்கியதும் பேராசிரியை தொட்டிலில் மெல்லச் சுற்றினார். "சந்தையில் தொங்கும் வாள்மீன் மாதிரி இருக்கிறேன்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் மண்டபம் வெடித்தது. "கிலோ என்ன விலையாம்?" என்றார் ஒருவர். அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. பட்டி தொடையை வெட்டுது, கால் மறிக்குது, கழுத்து ஆடுது என்று ஆளுக்கு ஆள் கொட்டினார்கள். கம்பனிக்காரர் எழுதி முடிக்க முடியாமல் கடைசியில் போனில் ஒலிப்பதிவு செய்தார்.

பிறகு அம்மாவும் மன்னார் அன்ரியும் குடைத்துணியைப் பேராசிரியைக்குக் கீழே செருகினார்கள். "ஓ... றெடி" என்றார் அன்ரி. ஒரு சின்ன இழுவை. பேராசிரியை தலையணைக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பக் கேட்டார், திரும்ப இழுத்தார்கள். நாலாம் தரம் சொன்னார்: "யார் தைத்தது?"

யாரோ எதற்கோ மாட்டப் போகிறார் என்ற முகம் எல்லோருக்கும்.

"நாங்கள் எல்லாரும்தான்" என்றார் அம்மா, மெல்ல.

பேராசிரியை ஐந்து வீட்டுக்கும் கடிதம் எழுதினார்: முந்தைய முடிவு பிழை, இந்த இயந்திரத்தை நம்பி ஒருவரைக் குறைக்க வேண்டாம். டொட்டோரே அதை வாசித்துவிட்டு அம்மாவிடம், "ஆனால் நீயே ஐந்து போட்டிருக்கிறாயே" என்றாராம். நியாயமான கேள்விதான். ஆகவே ஞாயிறு நானும் அம்மாவோடு போனேன். இரவெல்லாம் யோசித்து, இத்தாலியனில் நல்லதொரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன்.

டொட்டோரே வந்தார், இனிப்புப் பெட்டியை வைத்தார், தாயைக் கொஞ்சினார். நான் தொண்டையைச் செருமினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ வாயை மூடு. பொய் எழுதினது நான்."

அம்மாவின் இத்தாலியனில் வினைச்சொற்கள் எல்லாம் ஒரே உடுப்புத்தான் போட்டிருக்கும். "டொட்டோரே, வாருங்கள். இங்கே. பிடியுங்கள்" என்றார். அவர் கோட்டோடு கட்டிலின் மறுபக்கம் போய்த் துணியைப் பிடித்தார். இழுத்தார்கள். சின்யோரா நேராக மேலே போனார். "ஓ, சுலபம்" என்றார் டொட்டோரே.

"சுலபம். இரண்டு பேர்." அம்மா கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். "இப்போது நீங்கள் தனிய."

சின்யோராவைக் கொஞ்சம் கீழே நகர்த்திவிட்டோம். டொட்டோரே இழுத்தார். தாய் கோணலாகப் போனார். கட்டிலைச் சுற்றி வந்து இழுத்தார், மற்றப் பக்கம் கோணியது. திரும்பவும் சுற்றினார். கோட்டைக் கழற்றினார். சின்யோரா மகனை நிமிர்ந்து பார்த்து, "மெல்ல, என் ராசா, மெல்ல" என்றார். நாலாம் சுற்றில் அவர் கை தன் நாரிக்குப் போனது.

"அந்தத் தாளில் நான் பொய் எழுதினேன்" என்றார் அம்மா. "நல்லாயில்லை. இருபது தரம். ஒவ்வொரு நாளும்." பத்து வருடத்தில் அந்த வீட்டில் அம்மா 'நல்லாயில்லை' என்று சொன்னதை நான் கேட்டதில்லை.

டொட்டோரே கட்டில் விளிம்பில் இருந்து கொஞ்ச நேரம் தாயின் காலைத் தடவினார். பிறகு போனை எடுத்து, "அவளுடைய நம்பர் என்ன?" என்று கேட்டார்.

திங்கள் காலை மன்னார் அன்ரி வந்தார். "நாலு கிழமை நிம்மதியாப் படுத்தனான், கெடுத்துப்போட்டியள்" என்று படியிலேயே தொடங்கினாராம். அம்மா இப்போது சப்பாத்துக் கயிறைத் தானே கட்டுகிறார், ஒரு காலுக்கு மட்டும் இன்னும் கதிரை வேண்டும். நான் பட்டத்தை ஒரு அமர்வு தள்ளிப் போட்டேன். ஆய்வேடு இப்போது குடைத்துணியில். பேராசிரியை வழுக்கலை அளக்கிறார், கம்பனிக்காரர் கைபிடி தைத்துப் பார்க்கிறார், ஒவ்வொரு வியாழனும் மண்டபம் அதைப் பிரித்துத் திருத்துகிறது.

போன கிழமை குடைத்துணிக்குப் புதுத்தாள் கொண்டுபோனேன். ஒரே கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம், கீழே எழுத நிறைய வெற்றிடம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு இலக்கத்தை வட்டமிட்டு, கீழே எழுதத் தொடங்கினார். மன்னார் அன்ரி எட்டிப் பார்த்தார்.

"நாலோ? எடியே, உது நீ தைச்சதெல்லே!"

"ஓம். நான் தைச்சதுதான். வலப்பக்கம் இன்னும் கோணுது" என்றார் அம்மா, பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல்.